பல் டாக்டர் மாடியில

டேய், ரெண்டு பேரும் மூஞ்சிய அப்படி வெச்சுக்காதீங்கடா. தணிகை, நீ கல்யாணப் பத்திரிகை குடுக்க வந்திருக்கியா, கோர்ட்டு நோட்டீஸ் குடுக்க வந்திருக்கியா? மஞ்சள் தடவுன கவர அருவா மாதிரி புடிச்சிருக்க. ஷாஜி, நீ அதுக்கு மேல. ஆட்டோவ நேரா சவரி வீட்டு வாசல்ல நிறுத்தி, அவன் வெளிய வர்ற வரைக்கும் ஹாரன விடாம அடிக்கிறதா பிளான். ஆட்டோ ஓட்டுறவனுக்கு வேற என்ன தோணும்! நல்லவேளை சாவியப் புடுங்குனேன். முறைக்காத. தர்றேன். டீ குடிச்சிட்டு தர்றேன்.

அண்ணே, மூணு டீ. ஒண்ணு சக்கரை கம்மியா, மாப்பிள்ளைக்கு. கோட்டு பட்டன் போட மாட்டேங்குதாம்.

உக்காருங்க. சவரி வீடு எங்கயும் ஓடிராது. அந்தா தெரியுதுல்ல, பச்ச கேட்டு. சின்ன வயசுல ஏறிக் குதிச்ச கேட்டுதான்.

உங்க புகார நானே சொல்றேன், சரியான்னு பாருங்க. சவரி மாறிட்டான். ரயில்வே வேலை கிடைச்சதும் தலையில கொம்பு முளைச்சிருச்சு. போன் பண்ணா எடுக்க மாட்டேங்குறான். நம்ம வாட்ஸப் குரூப்ப விட்டு ஒரு வார்த்தை சொல்லாம வெளிய போயிட்டான். தணிகை போன வாரம் நேர்லயே வந்தான், சவரியோட அம்மா கேட்டுலயே நின்னு 'தூங்குறான்யா'ன்னு அனுப்பிருச்சு. பட்டப்பகல்ல! அப்புறம் ஷாஜி கண்டுபிடிச்ச பெரிய உண்மை, வீட்டுல ஏசி போட்டுட்டாங்க, அதான் எல்லா ஜன்னலையும் சாத்தி வெச்சிருக்காங்க. சரிதானே? எதாவது விட்டுட்டேனா?

நானும் இதத்தான் பேசுனேன். உங்கள விட ஜாஸ்தியாப் பேசுனேன். அவன் குரூப்ப விட்டுப் போன அன்னைக்கு 'பெரிய மனுஷன் இறங்கிட்டாரு, அடுத்த ஸ்டேஷன்ல ஏறுவாரான்னு பாப்போம்'னு போட்டவன் யாரு? நான்தானே. நீங்க கண்ணுல தண்ணி வர சிரிக்கிற பொம்மையா வரிசையா போட்டீங்க.

இப்ப அவன் கேட்டத் தட்டுறதுக்கு முன்னாடி என் வேலையப் பத்தி கொஞ்சம் சொல்லணும். ஏன்டா சிரிக்கிற? எனக்கும் வேலைன்னு ஒண்ணு இருக்குடா.

உங்க கிட்ட நான் என்ன சொல்லி வெச்சிருக்கேன்? 'தில்லைநகர்ல ஒரு பெரிய க்ளினிக்குல சவுண்டு இன்ஜினியர்'னு. இன்ஜினியரிங் மூணாவது வருஷத்துல ஓடி வந்தவன், வேற எந்த வழியில இன்ஜினியர் ஆகுறது? அரியர் வெச்சே காலேஜ விட்டவனுக்கு வெற்றின்னு பேரு வெச்சிருக்காரு எங்கப்பா. அந்த மனுஷன் நம்பிக்கைய என்னன்னு சொல்ல.

உண்மையில அங்க நான் வாசல்ல உக்காந்திருப்பேன். வர்றவங்களுக்கு டோக்கன் குடுப்பேன். போன் எடுப்பேன். தண்ணி கேன் மாத்துவேன். அதுக்கு நடுவுல மேடம் பேசுற ஆடியோவ வெட்டி ஒட்டுவேன். அந்தக் கடைசி வேலைதான் சவுண்டு இன்ஜினியர்.

மேடம் பேரு கமருன்னிசா. மனசு டாக்டர்னு சொன்னா 'பைத்தியத்துக்கா?'ன்னு கேப்பீங்க. கேட்டீங்க. இதே பெஞ்சுல. இல்லடா. பெரிய அடி பட்டவங்க வருவாங்க. அடின்னா உடம்புல இல்ல. வண்டி கவுந்து பொழச்சவங்க, தீயில வீடு போனவங்க, கண்ணு முன்னாடி எதையோ பாத்துட்டு மறக்க முடியாதவங்க. உள்ள போய் பேசுவாங்க. பேசுவாங்கன்னு நான்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன். கதவுக்கு வெளிய உக்காந்தா ஒரு சத்தமும் வராது. அரை மணி நேரம் ஃபேன் சத்தம் மட்டும் கேக்கும். அப்புறம் அவங்க கண்ணத் துடைச்சிக்கிட்டு வெளிய வந்து என்னப் பாத்து 'வரேன் தம்பி'ன்னு ஏதோ கோயிலுக்கு வந்துட்டுப் போற மாதிரி போவாங்க. ஒண்ணுமே பேசாம இருக்கறதுக்கு அப்பாயின்ட்மென்ட்டான்னு நான் எத்தன நாள் சிரிச்சிருக்கேன்.

ஆள் போனதும் உள்ள 'கடக்'னு ஒரு சத்தம் கேக்கும். மேடம் முறுக்கு கடிக்கிறாங்கன்னு அர்த்தம். மணப்பாறை முறுக்கு, ஒரு டின்னு மேஜைக்கு அடியில எப்பவும் இருக்கும். ஒரு பேஷன்ட் போனா ஒரு முறுக்கு. கஷ்டமான ஆளுன்னா ரெண்டு. வெளிய உக்காந்து கடக் சத்தத்த வெச்சே எவ்வளவு பெரிய சோகம்னு நான் மார்க் போடுவேன். கேவலமான புத்திதான். தெரியும்.

எல்லாரையும் வாங்க போங்கன்னுதான் பேசுவாங்க. வாசல்ல ஒரு பூனை வரும், அதையும் 'வாங்க'ன்னுதான் கூப்பிடுவாங்க. பூனைக்குக் கிடைச்ச மரியாதை எனக்கும் கிடைச்சுது, அந்த க்ளினிக்குல அது ஒண்ணுதான் எனக்குப் புரிஞ்சுது.

அந்தக் கட்டடத்துல இன்னொரு கூத்து. எங்களுக்கு மேல மாடியில பல் டாக்டர். கீழ எங்க வாசல், பக்கத்துலயே மாடிப்படி. தெனமும் எவனாவது உள்ள எட்டிப் பாத்து, 'தம்பி, பல் டாக்டர் இங்கயா?'ன்னு கேப்பான். நானும் பாத்துக்கிட்டே இருக்கேன், இவங்கள்ல பாதிப் பேருக்கு பல்லு ஜம்முனு இருக்கு. கன்னம் வீங்கல. கைய கன்னத்துல வெச்சிருந்தாலும் எந்தப் பக்கம்னு மறந்துட்டு மாத்தி மாத்தி வெக்கிறான். கண்ணு மட்டும் எங்க போர்டு மேல இருக்கும். என்னன்னா, எங்க வாசல்ல நிக்கிறத தெருவுல எவனாவது பாத்துட்டான்னு வையி, 'பல் டாக்டரப் பாக்க வந்தேன்'னு சொல்லிக்கலாம்ல? அதுக்குத்தான். நம்ம ஊருல பல்லு ஆடுதுன்னு சொல்லலாம், மனசு ஆடுதுன்னு சொல்லக் கூடாது.

மேடம் எனக்கு வேலைக்கு சேந்த அன்னைக்கே சொல்லிக் குடுத்தது இது ஒண்ணுதான். 'யாராவது பல் டாக்டர்னு கேட்டா, உடனே மாடியக் காட்டாதீங்க வெற்றி. உக்காருங்க, தண்ணி குடிக்கிறீங்களான்னு கேளுங்க. நெசமாவே பல்லு வலி இருக்கறவங்க வேணாம்னுட்டு மேல போயிருவாங்க.'

'மத்தவங்க, மேடம்?'

'உக்காருவாங்க.'

அவ்வளவுதான். டோக்கன் வேணுமான்னு கேக்கக் கூடாது, என்ன பிரச்சனைன்னு கேக்கக் கூடாது. தண்ணியக் குடுத்துட்டு நான் என் வேலையப் பாக்கணும். அப்படி உக்காந்து தண்ணி குடிச்சே பேஷன்ட் ஆனவங்க எங்க க்ளினிக்குல நெறைய. நான் அதுக்கு 'தண்ணி டெஸ்ட்'டுன்னு பேரு வெச்சேன். பேரு வெச்சதுதான் மிச்சம். பாதி நாள் செய்யமாட்டேன். போன நோண்டிக்கிட்டே 'மாடியில சார்'னு வெரல மேல காட்டுவேன்.

சரி, ஆடியோவுக்கு வரேன். ஷாஜி, கடிகாரத்தப் பாக்காத, உன் ஆட்டோவுக்கு ஒண்ணும் சவாரி காத்துக்கிட்டு இல்ல.

மேடம் வாரா வாரம் ஒண்ணு பேசி ரெக்கார்டு பண்ணுவாங்க. தூக்கம் வராதவங்களுக்கு, திடீர்னு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிறவங்களுக்கு. அத பேஷன்ட் எல்லாருக்கும் வாட்ஸப்புல அனுப்புவோம். அவங்க அக்கா தங்கச்சி, அக்கா தங்கச்சியோட ஆபீசுன்னு அது பாட்டுக்குப் போகும்.

மேடம் பேசுறது எப்படி இருக்கும்னா... இரு, நடிச்சே காட்டுறேன். 'ஒண்ணு... நடந்துருச்சு.' அப்புறம் ஒண்ணும் இல்ல. கரன்ட் போயிருச்சோன்னு நெனப்ப. 'அது... முடிஞ்சும் போச்சு.' மறுபடி ஒண்ணும் இல்ல. ஒரு டீ குடிச்சிட்டு வந்துரலாம். 'ஆனா உங்க உடம்புக்கு அது இன்னும்... முடியல.' நான் ஹெட்போன மாட்டிக்கிட்டு, போயேன், அடுத்ததுக்குப் போயேன்னு துடிச்சுக்கிட்டு இருப்பேன்.

நான் வேலை கத்துக்கிட்டது கல்யாண வீடியோ எடுக்குற சீனி அண்ணன் கிட்ட. அவரு ஸ்டுடியோவுல ஒரே பாடம். 'கேப்பு விட்டா தாய்மாமனே எந்திரிச்சுப் போயிருவான்டா. வெட்டு!' ஐயரு மூச்சு விட்டா வெட்டு, பொண்ணு யோசிச்சா வெட்டு. அழுகைக்கு நடுவுல ஒரு விம்மல் இருந்தா வெட்டி அழுகைய நெருக்கமாக்கு. நான் அதுல கில்லி. எனக்கு சும்மாவே கேப்பு ஆகாதுடா, உங்களுக்குத் தெரியாததா? எங்க பெரியப்பா சாவு வீட்டுல எல்லாரும் கம்முனு நிக்கிறாங்க, எனக்கு அது தாங்கல, ஐஸ் பெட்டியக் காட்டி 'பெரியப்பாவுக்கு ஒருவழியா ஏசி கிடைச்சிருச்சு'ன்னு சொன்னேன்ல? பெரியம்மா அன்னையிலிருந்து எங்க வீட்டுப் படி ஏறல.

அந்த மாதிரி ஆளு கையில மேடம் ஆடியோ. வெட்டுனேன்டா. கேப்ப எல்லாம் வழிச்சு எடுத்துட்டேன். வழவழன்னு ஓடுச்சு. 'தூக்கம் வரலையா பரவாயில்ல எந்திரிச்சு உக்காருங்க தண்ணி குடிங்க ஜன்னலத் தொறங்க!' பஸ் ஸ்டாண்டுல 'துறையூர் பஸ் இரண்டாவது நடைமேடையில் இருந்து'ன்னு சொல்றாங்கல்ல, அதே வேகம். எனக்கு ஒரே பெருமை. மேடத்த நான் தூக்கி நிறுத்திட்டேன்னு நெனச்சேன்.

மேடம் அனுப்புன ஆடியோவ திரும்பிக் கேக்க மாட்டாங்க. 'என் குரல எனக்கே கேக்கக் கூச்சமா இருக்கு வெற்றி'ம்பாங்க. அதனால ரொம்ப நாள் நான் பொழச்சேன்.

மூச்சுப் பயிற்சி ஆடியோவுலதான் மாட்டுனேன்.

'மூச்ச மெதுவா உள்ள இழுங்க...' அப்புறம் அவங்க சும்மா இருக்காங்க. 'அப்படியே வெச்சிருங்க...' சும்மா இருக்காங்க. 'மெதுவா வெளிய விடுங்க...' சும்மா இருக்காங்க. இந்த சும்மா எல்லாத்தையும் நான் வெட்டிட்டேன். என்ன மிச்சம்? இழுங்க வெச்சிருங்க விடுங்க இழுங்க வெச்சிருங்க விடுங்க! கேட்டவங்களுக்கு நாக்கு வெளிய தள்ளிருச்சு.

மறுநாள் காலையில போனு. லால்குடியில இருந்து ஒரு ரிட்டயர்டு வாத்தியாரு. 'தம்பி, மேடம் முன்னாடி போய்க்கிட்டே இருக்காங்க, என்னால ஈடு குடுக்க முடியல. நான் மூணாவது மூச்சுலயே தங்கிட்டேன்.' அடுத்தது துறையூர்ல ஒரு அம்மா. 'எங்க வீட்டுக்காரருக்கு கண்ணு சொருகிருச்சு, இப்ப அவரு இழுக்கணுமா விடணுமா, சீக்கிரம் கேட்டுச் சொல்லு!' நானே 'விடச் சொல்லுங்கம்மா, விடச் சொல்லுங்க'ன்னு கத்துனேன். அந்த வீட்டுக்காரர் பொழச்சுக்கிட்டாரு. எனக்குத் தெரிஞ்சு நான் படிச்ச படிப்புக்கு ஒரு உயிரக் காப்பாத்துனது அன்னைக்குத்தான். ஆபத்த உண்டாக்குனதும் நான்தான், அத விடு.

மேடம் கூப்பிட்டாங்க. திட்டுவாங்கன்னு பாத்தா திட்டல. 'உக்காருங்க வெற்றி.' பேஷன்ட் நாற்காலி. உக்காந்தேன். அவங்க ஒண்ணும் பேசல. என்னையே பாக்குறாங்க, கோவமா இல்ல, சும்மா. ஃபேன் சுத்துது. அப்பதான்டா எனக்குப் புரிஞ்சுது, அந்த நாற்காலியில உக்காந்தவனுக்கு அந்த சும்மா எவ்வளவு பெருசுன்னு. நான் பேச ஆரம்பிச்சேன். ஆடியோவ வெட்டுனத சொன்னேன். அவங்க ஒண்ணும் கேக்கல. முறுக்கு டின்ன நான் அப்பப்ப தொறந்தத சொன்னேன். கேக்கல. க்ளினிக் வைஃபையில படம் எறக்குனத சொன்னேன். பெரியம்மா கதைய சொன்னேன். கடைசியில காலேஜ விட்டப்போ எங்கப்பா ஒரு வாரம் எங்கிட்ட பேசாம இருந்தாரே, அதச் சொல்லும்போது குரல் ஒரு மாதிரி ஆயிருச்சு. சும்மா இருடா தணிகை, அழவெல்லாம் இல்ல. தூசி.

மேடம் சிரிச்சாங்க. 'முறுக்கு விஷயம் எனக்குத் தெரியும்'னாங்க. அப்புறம், 'நீங்க வெட்டி எறிஞ்ச இடத்துலதான், வெற்றி, அவங்க அழுவாங்க. அந்த இடம் அவங்களோடது'ன்னாங்க. எந்திரிச்சு வந்து கதவ சாத்துனேன். கடக்னு சத்தம். எனக்கும் ஒரு முறுக்கு மார்க்கு.

அதோட திருந்தியிருந்தா நான் வெற்றி இல்லையே. கேப்ப வெட்டக்கூடாது, அவ்வளவுதானே? சரி, வெட்ட வேணாம், நெரப்பலாம்னு எனக்கு ஒரு யோசனை. தூக்கத்துக்கு ஒரு ஆடியோ மேடம் பேசியிருந்தாங்க. அதுல அவங்க சும்மா இருக்குற இடத்துல எல்லாம் பின்னாடி ரயில் சத்தம் போட்டேன். தடக் தடக், தடக் தடக். தூரத்துல மெல்லமா ஒரு ஹாரன். ராத்திரி ராக்போர்ட் எக்ஸ்பிரஸ்ல ஏறிப் படுத்தா விழுப்புரம் வர்றதுக்குள்ள எவனும் தூங்கிருவான்ல? அதான் ஐடியா. நானே சொல்லக் கூடாது, அருமையா வந்துச்சு. மேடத்துக்குக் காட்டுறதுக்கு முன்னாடியே நம்ம குரூப்புல போட்டேன். ஞாபகம் இருக்கா? 'நம்ம ரயில் டிரைவருக்கு சமர்ப்பணம்'னு எழுதி.

ஆமா. அதுக்கு அப்புறம்தான் சவரி குரூப்ப விட்டுப் போனான். அதே சாயங்காலம்.

எனக்கு அவ்வளவு கோவம். உனக்காகப் போட்டேன், ஒரு கட்டை விரல் காட்ட வலிக்குதா? அந்தக் கோவத்துலதான் 'அடுத்த ஸ்டேஷன்ல ஏறுவாரா'ன்னு போட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சு அத மேடத்துக்குப் போட்டுக் காட்டுனேன், மாட்டுனதுல இருந்து அவங்க கேக்காம எதுவும் வெளிய போகாது. ஹெட்போன மாட்டிக்கிட்டு கண்ண மூடிக் கேட்டாங்க. ஒரு கையில முறுக்கு. பாதியிலயே கழட்டிட்டாங்க.

'இது வேணாம் வெற்றி.'

'ஏன் மேடம்? ரயில்ல தூக்கம் வராத ஆளு யாரு மேடம் இருக்கா?'

'ஓட்டுறவங்க.'

நான் சிரிச்சேன். ஜோக்குன்னு நெனச்சேன். அவங்க சிரிக்கல. 'அவங்களும் இங்க வர்றாங்க. தண்டவாளத்துல ஆள் நிக்கிறது தூரத்துலயே தெரியும். பிரேக் போட்டாலும் வண்டி உடனே நிக்காது. ஹாரன்ல கைய வெச்சு அமுக்கிக்கிட்டே, பாத்துக்கிட்டே போகணும். திரும்பிக்கவும் முடியாது. அவங்க மேல ஒரு தப்பும் இருக்காது. ஆனா அதுக்கு அப்புறம், எங்க ஹாரன் கேட்டாலும்...'

அதோட நிறுத்திட்டாங்க. முறுக்கக் கடிக்கவும் இல்ல, கீழ வெக்கவும் இல்ல.

அந்தக் கேப்புல எனக்கு என்ன கேட்டுச்சு தெரியுமா? இந்த பெஞ்சு கேட்டுச்சு.

ஆடியில, காத்து பேயா அடிச்சுதே, கடை பேனரு கிழிஞ்சு பறந்துச்சே, அன்னைக்கு. சவரி இந்த மூலையில உக்காந்திருந்தான். ரெண்டு கையாலயும் கிளாஸப் புடிச்சிருந்தான், குளிர் காயுற மாதிரி. 'மாப்ள, போன வாரம் அரியலூர் தாண்டி... ஒரு ஆள் குறுக்க வந்துட்டாருடா'ன்னான். நிறுத்துனான். அவ்வளவுதான் சொன்னான். அடுத்தது வர்றதுக்கு அவனுக்கு நேரம் வேணும். நான் விடுவேனா? 'ஹாரன் அடிச்சியா, இல்ல வழக்கம் போல தூங்கிட்டியா?'

ஷாஜி, நீ டீயத் துப்பிட்ட. தணிகை, நீ பெஞ்சத் தட்டித் தட்டி சிரிச்ச. அவனும் சிரிச்சான். 'அடிச்சேன்டா'ன்னான். கொஞ்ச நேரம் கழிச்சு யாரும் கேக்காமயே இன்னொரு தடவை சொன்னான், 'அடிச்சேன்'னு. அதுக்குள்ள நாம, தணிகை, நீ பொண்ணு பாக்கப் போன கதைக்குப் போயிட்டோம், பொண்ணோட தம்பி உன்ன அங்கிள்னு கூப்பிட்டானே, அந்தக் கதைக்கு.

சீனி அண்ணன் பாத்திருந்தா முதுகுல தட்டியிருப்பாரு. அவ்வளவு சுத்தமா வெட்டுனேன்.

டீய குடிங்கடா. ஆறிப் போச்சு.

ஷாஜி, அந்த வீட்ட இங்கயிருந்தே பாரு. ஏசின்னியே, வெளிய பெட்டி எங்கயாவது தொங்குதா? தெருப் பக்கத்து ஜன்னல் தொறந்துதான் இருக்கு, துணி காயுது. சாத்தி வெச்சிருக்கறது எல்லாம் அந்தப் பக்கம். அந்தப் பக்கம் என்ன இருக்கு? நம்ம பொன்மலைப்பட்டியில பொறந்தவனுக்கு சொல்லணுமா? தண்டவாளம். இந்த வெயில்ல சாத்தி, இடுக்குல துணிய வேற அடைச்சிருக்கு அவங்கம்மா. நேத்து நான் தனியா வந்து சுத்தி நடந்து பாத்தேன். உள்ள போகல. எனக்கு எங்க அந்த தைரியம்?

தூங்குறான்னு அந்தம்மா சொன்னது பொய்யா இருக்காது மாப்ள. அவன் எந்த நேரத்துல தூங்க முடியுதோ அந்த நேரத்துல தூங்குறான் போல. டியூட்டிக்கும் போகல, சிக் லீவுல இருக்கான். முக்குல காய்கறி விக்கிற அக்கா சொல்லுச்சு.

மேடம் கிட்ட சொன்னேன், இந்த மாதிரி என் பிரெண்டு ஒருத்தன்னு. பேரு சொல்லல. நான் போய் கையப் புடிச்சு இழுத்துட்டு வந்துரவா மேடம்னு கேட்டேன். 'ஆள் புடிச்சுட்டு வர இது என்ன டிராவல்ஸா? நண்பரா போங்க. அவர் வந்தா வரட்டும். வராட்டியும் நீங்க நண்பர்தானே'ன்னாங்க.

அதனால பிளான் என்னன்னா, கேள்வி கேக்க யாரும் போகல. ஆட்டோ இங்கயே நிக்கட்டும். நடந்து போறோம். தணிகை பத்திரிகைய குடு. 'கண்டிப்பா வரணும், வராட்டி பாரு'ன்னு மெரட்டாத. வந்தா சந்தோஷம்னு சொல்லு. கல்யாண மண்டபம் ரயில்வே ஜங்ஷன் பக்கத்துல, ஹாரன் கேக்கும்னு எனக்குத் தெரியும், அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது, அவன் வராம இருந்தா நீ அதுக்கு ஒரு மாசம் மூஞ்சியத் தூக்கக் கூடாது. அப்புறம் உக்காருவோம். அவன் பேசுனா கேப்போம். நிறுத்துனா நாமளும் நிறுத்துவோம். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி. ஷாஜி, நீ என் பக்கத்துலயே உக்காரு. நான் வாயத் தொறக்குறது தெரிஞ்சா செருப்புக் காலால மிதி. நல்லா மிதி. என்ன நம்பாத.

என்ன தணிகை? ஜோக்கு அடிச்சதுக்கா இவ்வளவுன்னு கேக்குறியா? 'நாங்களும்தான் சிரிச்சோம், எங்களுக்கும் பங்கு இருக்கு'ங்கிற. நல்ல மனசுடா உனக்கு. பங்கு வாங்கிக்க. சிரிச்சதுல வாங்கிக்க.

இன்னொண்ணு இருக்கு. அதுல உங்களுக்குப் பங்கு இல்ல.

இந்த டீக்கடை கதைக்கு அப்புறம், ரயில் ஆடியோவுக்கு முன்னாடி. ஒரு நாள் மதியம் நான் வாசல்ல உக்காந்து போன நோண்டிக்கிட்டு இருக்கேன். நிழல் விழுது. நிமிந்தா சவரி. நான் அங்க இருப்பேன்னு அவன் நெனக்கல. சவுண்டு இன்ஜினியருன்னு சொல்லி வெச்சிருக்கேனே, எங்கயோ கண்ணாடி ரூமுக்குள்ள இருப்பேன்னு நெனச்சிருக்கான். என்னப் பாத்ததும் அப்படியே நின்னுட்டான். கண்ணு எங்க போர்டுக்குப் போச்சு. திரும்ப என் மூஞ்சிக்கு வந்துச்சு.

'மாப்ள, பல் டாக்டர் இங்கயாடா?'ன்னான்.

டேய், அன்னைக்கு பல் டாக்டர் லீவு. இன்று விடுமுறைன்னு அட்டை மாடிப்படி வாசல்லயே தொங்குது. அதத் தாண்டாம எங்க வாசலுக்கு வரவே முடியாது. நான்தான் காலையில பல் டாக்டர் கம்பவுண்டருக்கு அந்த அட்டைய கட்டிக் குடுத்தேன். எனக்கு எல்லாம் தெரியும். தண்ணி கேனு என் முழங்கையில இடிக்கிற தூரத்துல இருக்கு.

நான் 'ஏன்டா, எவன் உன் பல்லப் பேத்தான்? இங்க உள்ள போனீன்னா மூளையத்தான் பேப்பாங்க, ஓடிரு'ன்னேன். சிரிச்சுக்கிட்டே வெரல மேல காட்டுனேன்.

அவன் மேல போகல. 'சரிடா'ன்னுட்டு தெருவுல எறங்கிப் போனான். நான் குனிஞ்சு போனப் பாத்தேன்.

அவன் யாருகிட்டயும் சொல்லாம கெளம்பி எங்க வாசல் வரைக்கும் வந்துட்டான்டா. வாசல்ல உக்காந்து அவனத் திருப்பி அனுப்புனது நான்தான்.